மாற்றமில்லை

சுவரில் குதிகாலை ஒட்டி நில்லுங்கள், என்பார்.
நிற்பேன்.
தலையைப் பின்னால் கொண்டுபோங்கள், முடிந்தவரை.
முடிந்தவரை என்பது அந்த வருடம்
சுவருக்கு ஒன்பது சென்டிமீட்டர் முன்பே முடிந்துபோனது.
எழுதிக்கொண்டார்.

டாக்டர் சின்னோவே என் முகத்தைவிட
என் பின்மண்டைக்கும் சுவருக்கும் நடுவே கிடந்த காற்றைத்தான்
நன்றாக அறிந்தவர்.
முப்பத்தோரு ஆண்டுகள்.
அவர் ஆய்வேட்டில் எனக்குப் பெயரில்லை:
நாற்பத்தொன்று.

அதற்கு முன் மீன் ஆலையில் வேறு பெயர் இருந்தது,
காலைச் சோம்பேறி.
இரவு மூன்று மணிக்கு வலி எழுப்பிவிடும்.
சமையலறை மேசையைச் சுற்றிச் சுற்றி நடப்பேன்.
விடிந்தால் மரக்கட்டை.
பத்து மணிக்கு மேல், பெட்டி தூக்கத் தூக்க,
மெல்ல மனிதனாவேன்.
தீவு மருத்துவர் ஓய்வெடு என்றார்.
எடுத்தேன். ஓய்வுதான் என்னைத் தின்றது.

"படுத்தால் கூடுகிறதா, வேலை செய்தால் குறைகிறதா?"
டிராம்சோவில், ஜன்னலில்லாத கீழ்த்தள அறையில்
அவர் அப்படிக் கேட்டபோது
யாரோ என் சமையலறையை வேவு பார்த்துவிட்டதாக நினைத்தேன்.

எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் செருகினார்.
எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே
எலும்பே பாலம் கட்டியிருந்தது, கணுக்கணுவாய்.
இதை மூங்கில் முதுகு என்போம்.
மூங்கில் பார்த்திருக்கிறீர்களா, என்றேன்.
படத்தில்.
என் அப்பாவிடம் ஒரு மூங்கில் தூண்டில் இருந்தது.
பெரிய மீன் இழுத்தால் வில்லாகி நீரைத் தொடும்,
ஒடியாது.
பேனா நின்றது.
"அப்படியென்றால் தவறான பெயர்."
அடுத்த கட்டுரையிலும் மூங்கில்தான்.
உலகம் பழகிவிட்டது, மாற்ற முடியாது என்றார்.

பிறகு ஊசி வந்தது.
மருந்தா வெறும் உப்புநீரா
எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.
ஆறாம் வாரத்தில் முப்பத்தெட்டு (கார்ஸ்டன் என்று பெயர், டிராக்டர் ஓட்டுபவன்)
காத்திருப்பு அறையில் குனிந்து
ஷூலேஸைக் கட்டினான். அவிழ்த்தான்.
மறுபடி கட்டினான்.
எனக்கு மூன்று மணி வலி மூன்று மணிக்கே வந்தது.

இருபத்துநாலு வாரம் கழித்து முத்திரையை உடைத்தார்கள்.
உப்புநீர்.
கோட் மீனை உப்பில் புதைத்தே பிழைத்தவனுக்கு
அரசாங்கச் செலவில் உப்புநீர்!
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
"உங்களிடமிருந்து ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன்"
என்றார், கோப்பை மூடியபடி.
மன்னிப்பிலும் ஓர் அளவு.

மறுவாரம் மருந்து.
மூன்று மணி எப்படி இருக்கும் என்பதே
பிறகு எனக்கு மறந்துபோனது.
இறுகியது இறுகியதுதான். நட்சத்திரம் பார்க்க
இன்றும் படகில் மல்லாந்து படுக்க வேண்டும்.
ஆனால் என் மகள் இங்வில்,
இருபத்தாறு வயதில் அதே அறைக்கு வந்தவள்,
காரைப் பின்னெடுக்கும்போது
கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறாள்.
யாரும் கவனிப்பதில்லை.
நான் ஒவ்வொரு முறையும் கவனிக்கிறேன்.

கடைசி அளவு, போன மார்ச்சில்.
நாடாவில் முதல் பத்து எண்கள் அழிந்துபோயிருந்தன.
பதினான்கு, என்றார்.
ஆறு வருடமாகப் பதினான்கு.
"மாற்றமில்லை."
எவ்வளவோ கட்டுரைகள், எத்தனையோ மாநாடுகள்;
இந்த ஒரு சொல்லுக்காகத்தான் என்பதுபோல்
இன்னொரு முறையும் சொன்னார்.

நாடா கை நழுவித் தரையில் விழுந்தது.
இருவரும் அதைப் பார்த்தோம்.
நான் குனிய முடியாது; அவர் குனிந்தார்,
மேசையைப் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாக.

காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும், என்று கேட்டேன்.

பதினைந்து நிமிடம், என்றார் நிமிராமலே.
இது வெறும் வயசு.
எழுதிக்கொள்ள வேண்டாம்.